பன்றியைக் கொன்றும் நிற்காத காய்ச்சல்: 2009 பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

2009 ஏப்ரல் 29-ஆம் தேதி எகிப்து அரசு நாட்டில் இருந்த பன்றிகள் அத்தனையையும் கொல்ல உத்தரவு போட்டது. ஏறக்குறைய 3 லட்சம் பன்றிகள். அன்றைய தேதிக்கு எகிப்தில் ஒரே ஒரு மனிதருக்குக்கூடப் பன்றிக்காய்ச்சல் உறுதியாகியிருக்கவில்லை. பன்றியைக் கொல்வதால் இந்த நோய் நிற்காது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லிப் பார்த்தது. எகிப்து கேட்கவில்லை.

கெய்ரோவில் வீடு வீடாகப் போய்க் குப்பை எடுப்பவர்களை ஜப்பாலீன் என்பார்கள். பெரும்பாலும் காப்டிக் கிறித்தவர்கள். தகரம், பிளாஸ்டிக், காகிதம் எல்லாவற்றையும் பிரித்து விற்பார்கள். மிச்சமாகும் சாப்பாட்டுக் கழிவு பன்றிகளுக்குத் தீனி. பெருநகரத்தின் அழுகல் குப்பையைப் பல தலைமுறையாகச் சத்தமில்லாமல் தின்று தீர்த்துக்கொண்டிருந்தவை அந்தப் பன்றிகள்தான். அவை போனதும் கழிவை எடுத்து என்ன செய்வது என்று ஜப்பாலீன்களுக்குத் தெரியவில்லை. சில மாதங்களில் கெய்ரோ தெருக்கள் நாறின. காய்ச்சலோ, ஜூன் மாதம் விமானம் ஏறி வந்து இறங்கியது.

பன்றிக்காய்ச்சல் என்றதும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இந்தச் சம்பவம்தான். 2009-இல் உலகம் அவசர அவசரமாகப் பூட்டிய கதவுகளில் பல, நோய் வராத கதவுகள். நோய் வந்த வழி வேறு. ஆட்களைக் கொன்ற வழி அதைவிட வேறு. அந்த இரண்டு வழிகளையும் சரியாகப் பார்த்துவிட்டால், நம்மைக் காத்துக்கொள்ள என்ன செய்வது என்பது தனியாகச் சொல்லவே தேவைப்படாத அளவுக்குத் தெளிவாகிவிடும்.

யார் யாருக்குக் கொடுத்தது?

பெயரில் இருந்து தொடங்குவோம். 1918-இல் உலகப் பெருங்கொள்ளை நோயாக இன்ஃப்ளூயன்சா, அதாவது ஃப்ளூ, பரவியபோது, அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஜே. எஸ். கோயன் என்ற கால்நடை மருத்துவர் ஒன்றைக் கவனித்தார். பன்றிகளும் அதே மாதிரி இருமுகின்றன, அதே மாதிரி சுருண்டு படுக்கின்றன. மனிதர்களுக்கு வந்த ஃப்ளூதான் பன்றிகளுக்கும் வந்திருக்கிறது என்றார். பன்றி வளர்ப்போருக்குக் கடுங்கோபம். இறைச்சி விற்காமல் போய்விடுமே! சுமார் 12 ஆண்டுகள் கழித்து ரிச்சர்ட் ஷோப் என்ற ஆய்வாளர் பன்றியிடமிருந்து அந்த வைரஸைப் பிரித்தெடுத்தார். மனிதரிடமிருந்து ஃப்ளூ வைரஸைப் பிரித்தெடுத்தது அதற்கும் பிறகு, 1933-இல்தான்.

ஆக, முதலில் கிடைத்தது பன்றியிடம். ஆனால் பன்றிக்குக் கொடுத்தது பெரும்பாலும் நாம். 2009-இலும் இதே கதை நடந்தது. கனடா, ஆஸ்திரேலியா, அர்ஜென்டினா என்று பல நாடுகளில் பண்ணைப் பன்றிகளுக்கு அந்தப் புது வைரஸ் மனிதர்களிடமிருந்து ஒட்டியது. பன்றிகளால் புகார் கொடுக்க முடியாது என்பதால் பெயர் அவற்றின் தலையிலேயே நின்றுவிட்டது. 2009 ஏப்ரல் 30 முதல் உலக சுகாதார நிறுவனம் 'பன்றிக்காய்ச்சல்' என்பதை விட்டுவிட்டு இன்ஃப்ளூயன்சா ஏ, எச்1என்1 என்று சொல்லத் தொடங்கியது. கறிக்கடைகளில் வியாபாரம் அதற்குள் படுத்துவிட்டது. வெந்த பன்றிக்கறி தின்பதால் இந்த நோய் வராது. இது மூச்சு வழியாகப் பரவும் நோய், வயிற்று வழியாக அல்ல.

பன்றிக்கு இதில் பங்கே இல்லை என்றும் சொல்ல முடியாது. பன்றியின் மூச்சுக்குழாயில் மனிதர்களின் ஃப்ளூ வைரஸும் ஒட்டும், பறவைகளின் ஃப்ளூ வைரஸும் ஒட்டும். இன்ஃப்ளூயன்சா வைரஸின் மரபணு ஒரே கயிறாக இல்லாமல் எட்டுத் துண்டுகளாக இருக்கிறது. ஒரே பன்றிக்குள் இரண்டு விதமான வைரஸ்கள் ஒரே சமயத்தில் நுழைந்தால், இரண்டு சீட்டுக்கட்டைக் கலைத்து எட்டெட்டாகப் போட்ட மாதிரி புதுக் கைகள் விழும். 2009 வைரஸில் ஆறு துண்டுகள் வட அமெரிக்கப் பன்றிகளிடையே சுற்றிய ஒரு கலப்பு வைரஸிலிருந்து வந்தவை. அந்தக் கலப்பிலேயே பன்றி, பறவை, மனிதன் என மூன்று வழி மரபணுக்கள் இருந்தன. மீதி இரண்டு துண்டுகள் ஐரோப்பா, ஆசியப் பன்றிகளின் வைரஸுடையவை. இந்தக் கலப்பு மெக்சிகோவின் நடு மேற்குப் பகுதிப் பன்றிகளிடையே உருவானது என்று 2016-இல் வெளியான மரபணு ஆய்வு காட்டியது. அதாவது, பன்றியின் வேலை வைரஸைச் சமைத்துக் கொடுத்ததோடு முடிந்தது. அதன் பிறகு மனிதரிடமிருந்து மனிதருக்குத்தான்.

இது கடைசியில் வந்த ஞானமும் அல்ல. முதல் நோயாளிகளிடமே தெரிந்த விஷயம். 2009 மார்ச் கடைசியில் தெற்கு கலிஃபோர்னியாவில் 10 வயதுப் பையன் ஒருவனுக்கும் 9 வயதுச் சிறுமி ஒருத்திக்கும் சாதாரணக் காய்ச்சல், இருமல். இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்து மாவட்டங்கள், ஆனால் ஒருவருக்கொருவர் தொடர்பில்லை. இருவரும் பன்றிப் பக்கமே போகாதவர்கள். ஏப்ரல் நடுவில் அவர்களின் மாதிரிகளில் அதுவரை யாரும் பார்த்திராத, ஒரே மாதிரியான வைரஸ் இருந்தது. பன்றியைத் தொடாத, ஒருவரையொருவர் அறியாத இரண்டு குழந்தைகளுக்கு ஒரே வைரஸ் என்றால், நடுவில் எத்தனை மனிதர்கள் கைமாற்றியிருக்க வேண்டும்? இது ஏப்ரல் 21-ஆம் தேதியே அறிக்கையாக வெளிவந்துவிட்டது. எகிப்தின் உத்தரவு அதற்கு எட்டு நாள் கழித்து.

வாசலில் வெப்பமானி

மெக்சிகோவில் அதே நேரத்தில் நடந்தது வேறு மாதிரி. நல்ல திடகாத்திரமான வாலிபர்கள் நிமோனியாவில் சாகிறார்கள் என்று மருத்துவர்கள் பதறினார்கள். மாதிரிகள் கனடாவின் வின்னிபெக் ஆய்வகத்துக்குப் போயின. கலிஃபோர்னியாவில் பார்த்த அதே வைரஸ். ஏப்ரல் 24 முதல் மெக்சிகோ சிட்டியில் பள்ளிகள் மூடப்பட்டன. கால்பந்து ஆட்டங்கள் ஆளில்லாத அரங்குகளில் நடந்தன. ஏப்ரல் 25-இல் உலக சுகாதார நிறுவனம் சர்வதேச அவசரநிலை அறிவித்தது. அதற்கான புது விதிகள் வந்த பிறகு அப்படி அறிவித்தது அதுவே முதல் முறை. ஜூன் 11-இல் இது உலகளாவிய கொள்ளைநோய் என்று அதன் தலைவர் மார்கரெட் சான் சொன்னார். இடைப்பட்ட நாட்களில் ஹாங்காங்கில் மெக்சிகோவிலிருந்து வந்த ஒரே ஒரு பயணிக்காக ஒரு ஓட்டல் முழுக்க, விருந்தினரும் ஊழியருமாக, ஒரு வாரம் அடைத்து வைக்கப்பட்டது.

இந்தியாவும் விமான நிலையங்களில் மேசை போட்டு உட்கார்ந்தது. வெளிநாட்டிலிருந்து வந்தவர்களின் உடல் சூட்டைப் பார்த்தார்கள், படிவம் நிரப்பச் சொன்னார்கள். மே 16-ஆம் தேதி ஹைதராபாத்தில், அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு இளைஞருக்கு நோய் உறுதியானது. நாட்டின் முதல் நோயாளி. அந்த அளவில் அந்த மேசை வேலை செய்தது என்று ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆனால் இந்த வைரஸின் குணத்தைப் பாருங்கள். உடம்புக்குள் நுழைந்து ஒன்று முதல் நான்கு நாள் வரை எந்த அறிகுறியும் இருக்காது. காய்ச்சல் தொடங்குவதற்கு ஒரு நாள் முன்பிருந்தே அது அடுத்தவருக்குப் பரவும். நியூயார்க்கில் விமானம் ஏறும்போது வாங்கிய வைரஸ், சென்னையில் இறங்கும்போது வெப்பமானியில் தெரியாது. இரண்டு பாராசிட்டமால் போட்டுக்கொண்டு வருபவரையும் பிடிக்க முடியாது. விமான நிலையச் சோதனையால் கொஞ்ச நாள் கிடைக்கலாம், நோய் நிற்காது. இந்தியாவுக்கு இரண்டு மாதத்துக்கு மேல் கிடைத்தது. அந்த இரண்டு மாதத்தில் நம் மனத்தில் பதிந்தது என்னவென்றால், பன்றிக்காய்ச்சல் வெளிநாடு போய் வந்தவர்களின் நோய் என்பது. அந்த நினைப்புக்கு விலை புனேயில் கொடுத்தோம்.

புனே, ஆகஸ்ட் 3

புனேயில் ஒரு பள்ளி மாணவி. 14 வயது. ஜூலை மூன்றாவது வாரத்தில் தொண்டை வலி, காய்ச்சல், தலைவலி. பக்கத்து மருத்துவரிடம் காட்டினார்கள். கொஞ்சம் தேறியது, பள்ளிக்குப் போனாள். இரண்டொரு நாளில் காய்ச்சல் திரும்பி வந்தது. ஜூலை 27-இல் மருத்துவமனையில் சேர்த்தார்கள். நிமோனியா, பிறகு வென்டிலேட்டர். எச்1என்1 பரிசோதனையும் அதற்கான மருந்தும் ஜூலை மாதக் கடைசியில்தான் வந்தன. ஆகஸ்ட் 3-ஆம் தேதி இறந்துபோனாள். இந்தியாவில் இந்த நோய்க்கு முதல் பலி.

யார் மீது தவறு என்று அன்று எல்லோரும் எல்லோரையும் கைகாட்டினார்கள். அதற்குள் நான் போகவில்லை. அந்த நாட்களின் வரிசையை மட்டும் இன்னொரு முறை படியுங்கள். காய்ச்சல், தேறுதல், மறுபடி காய்ச்சல், மூச்சு. இந்த வரிசைதான் இந்த நோயில் கவனிக்க வேண்டிய விஷயம். அந்த ஆண்டு அக்டோபரில் பல நாட்டு மருத்துவர்களின் அனுபவத்தைத் தொகுத்து உலக சுகாதார நிறுவனம் சொன்னதும் இதையேதான்: நிலைமை மோசமாகிறவர்களுக்குப் பெரும்பாலும் அறிகுறி தொடங்கிய மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் சரிவு தொடங்குகிறது, தொடங்கிவிட்டால் பலருக்கு 24 மணி நேரத்துக்குள் மூச்சே தடுமாறுகிறது.

நம் வழக்கம் என்ன? முதல் நாள் காய்ச்சலுக்கு ஓடுவோம். மூன்றாம் நாள் கொஞ்சம் குறைந்தால், 'சரி, விட்டுருச்சு' என்று இருந்துவிடுவோம். நான்காம் நாள் மறுபடி சுட்டால், முன்பு எழுதிக்கொடுத்த மாத்திரையையே மெடிக்கலில் வாங்கிப் போடுவோம். ஃப்ளூவில் ஆபத்து முதல் நாளில் இல்லை. குறைந்துவிட்டு மறுபடி ஏறுகிற அந்த நாளில் இருக்கிறது.

சாவுச் செய்தி வந்ததும் புனே வேறு ஊராக மாறியது. தொற்றுநோய்களுக்கான நாயுடு மருத்துவமனை வாசலில் கூட்டம். லேசாகத் தும்மல் வந்தவர், பக்கத்து வீட்டுக்காரர் இருமினார் என்று பயந்து வந்தவர், உண்மையிலேயே நோய் உள்ளவர், எல்லோரும் ஒரே வரிசையில் மணிக்கணக்கில் நின்றார்கள். நோய் இல்லாமல் வந்தவர் நோயோடு வீடு திரும்ப இதைவிட நல்ல ஏற்பாடு இருக்க முடியாது. பள்ளிகள், திரையரங்குகள் மூடப்பட்டன. மாஸ்க் தட்டுப்பாடு, இருந்த கடைகளில் விலை எகிறியது. அதே மாதம் சென்னையிலும் ஒரு சின்னஞ்சிறு பையன் இறந்தான். கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் மாதிரிகள் குவிந்தன. மாஸ்க் என்ற சொல்லை அன்றுதான் நம்மில் பலர் முதலில் கேட்டோம்; அப்புறம் அடுத்த பத்து ஆண்டு மறந்தும் போனோம்.

புனே வரிசைகளிலிருந்து ஒரு நல்லது விளைந்தது. எல்லோரையும் பரிசோதிப்பது நடக்காத காரியம் என்று அரசுக்குப் புரிந்தது. 2009-லேயே மத்திய சுகாதார அமைச்சகம் நோயாளிகளை ஏ, பி, சி என்று பிரித்தது. லேசான காய்ச்சல், இருமல், தொண்டை வலி என்றால் ஏ: பரிசோதனையும் வேண்டாம், ஃப்ளூ மருந்தும் வேண்டாம், வீட்டில் ஓய்வு, ஓரிரு நாளில் மறுபடி பார்க்க வேண்டும். காய்ச்சல் கடுமையாக இருந்தால், அல்லது லேசாக இருந்தாலும் நோயாளி எளிதில் ஆபத்துக்குள்ளாகும் ஆளாக இருந்தால் பி: பரிசோதனைக்குக் காத்திராமல் மருந்து தொடங்கலாம், ஆனால் இருக்க வேண்டிய இடம் வீடு. மூச்சுத்திணறல், நெஞ்சு வலி, மயக்கம், சளியில் ரத்தம், நகம் நீலமாவது என்று வந்துவிட்டால் சி: உடனே மருத்துவமனை, அங்கே பரிசோதனை. என்னைக் கேட்டால், அந்த ஆண்டு இந்தியா செய்த உருப்படியான வேலைகளில் முதலாவது இந்த மூன்று எழுத்துப் பிரிப்புதான். மாஸ்க் படம் வந்த அளவுக்கு இது பத்திரிகைகளில் வரவில்லை.

மருந்துக்கு ஏன் அவசரம்

எச்1என்1 என்ற பெயரில் வரும் 'எச்' என்பதும் 'என்' என்பதும் வைரஸின் மேல்தோலில் நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு புரதங்கள். எச் நம் செல்லில் ஒட்டிக்கொள்ள. என், உள்ளே பெருகிய புது வைரஸ்கள் செல்லை அறுத்துக்கொண்டு வெளியேற. ஓசல்டமிவிர் என்ற மருந்து அந்த 'என்' கத்திரியை மழுங்க வைக்கிறது. டாமிஃப்ளூ என்ற பெயரில் பலர் கேட்டிருப்பீர்கள். வைரஸைக் கொல்கிற மருந்து அல்ல இது. பெருகியது வெளியேறாமல் தடுக்கிற மருந்து. வைரஸ் பெருகுவது முதல் இரண்டு மூன்று நாட்களில்தான் உச்சத்தில் இருக்கும். அதனால்தான் முதல் 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால் பலன் அதிகம் என்று சொல்கிறார்கள். வெள்ளம் வடிந்த பிறகு மதகை அடைத்து என்ன பயன்? ஆனாலும், நோய் முற்றி மருத்துவமனையில் கிடப்பவருக்கு 48 மணி நேரம் கடந்திருந்தாலும் மருத்துவர்கள் தொடங்குவார்கள். தாமதமானாலும் ஓரளவு பலன் உண்டு.

2009-இல் இந்த மருந்து முதலில் அரசு மருத்துவமனைகளில் மட்டுமே கிடைத்தது. கடைகளில் விட்டால் ஆளாளுக்கு வாங்கி விழுங்கி வைரஸுக்கு எதிர்ப்புப் பழகிவிடும் என்ற பயம். நியாயமான பயம்தான். செப்டம்பரில் அட்டவணை எக்ஸ் என்ற கடும் கட்டுப்பாட்டோடு சில கடைகளில் அனுமதித்தார்கள். இடையில், முதல் இரண்டு நாளில் தனியார் மருத்துவரிடம் போன நோயாளிக்கு, மருந்து வேறு கட்டடத்தில் இருந்தது. இன்று அந்த இறுக்கம் தளர்ந்துவிட்டது. மருத்துவர் சீட்டோடு கிடைக்கும். சீட்டில்லாமல் கேட்டு வாங்காதீர்கள். ஆன்டிபயாட்டிக்குக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, அது பாக்டீரியாவுக்கு. ஃப்ளூவோடு பாக்டீரியா நிமோனியாவும் சேர்ந்துகொண்டால் மருத்துவர் கொடுப்பார், அது தனி.

யார் மேல் இறங்கியது

வழக்கமான ஃப்ளூவில் சாகிறவர்களில் பெரும்பாலோர் 65 வயதைத் தாண்டியவர்கள். 2009-இல் கணக்கு தலைகீழ். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் மதிப்பீட்டின்படி, உலகளவில் முதல் ஆண்டில் இறந்தவர்கள் 1,51,700 முதல் 5,75,400 பேர் வரை. அவர்களில் ஏறத்தாழ 80 விழுக்காடு 65 வயதுக்குக் கீழ். காரணம் விசித்திரமானது. 1918 வைரஸின் வாரிசுகள் 1957 வரை மனிதர்களிடையே சுற்றின. அதற்கு முன் பிறந்து வளர்ந்தவர்களின் உடம்பில் அந்தப் பழைய பகையின் நினைவு கொஞ்சம் மிச்சமிருந்தது. அந்தப் பழைய குடும்பத்திலிருந்து பன்றிகளிடையே தங்கிப் பிழைத்த கிளை 2009-இல் திரும்பி வந்தபோது, தாத்தா பாட்டிகளின் உடம்பு அதை அடையாளம் கண்டது. பேரன் பேத்திகளுடையது காணவில்லை.

இன்னொரு கூட்டம் கர்ப்பிணிகள். அமெரிக்க மக்கள்தொகையில் அவர்கள் சுமார் 1 விழுக்காடு. அங்கே பதிவான எச்1என்1 சாவுகளில் சுமார் 5 விழுக்காடு. வயிற்றில் குழந்தை வளர வளர நுரையீரலுக்கு இடம் குறைகிறது, எதிர்ப்பாற்றலின் போக்கும் மாறுகிறது. 'மாசமா இருக்கிற பொண்ணுக்கு மாத்திரை எதுக்கு' என்று நம் வீடுகளில் ஒரு தயக்கம் உண்டு. ஃப்ளூ விஷயத்தில் அந்தத் தயக்கமே ஆபத்து. காய்ச்சலும் இருமலும் வந்த கர்ப்பிணியை முதல் நாளே மருத்துவரிடம் கூட்டிப் போக வேண்டும். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள், முதியோர், சர்க்கரை, ஆஸ்துமா, இதயம், சிறுநீரகம், கல்லீரல் நோய் உள்ளவர்கள், புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்கள், ஸ்டீராய்டு மாத்திரை நாட்பட எடுப்பவர்கள் ஆகியோரும் அப்படியே. அதிக உடற்பருமனும் ஆபத்து என்பது 2009-இல்தான் தெளிவாகத் தெரிந்தது.

வீட்டில் ஒருவர் படுத்தால்

ஒரு சாதாரண வீட்டை எடுத்துக்கொள்வோம். பள்ளியிலிருந்து வந்த பையன் திடீரென்று சுருண்டு படுக்கிறான். நல்ல சூடு, உடம்பு வலி, வறட்டு இருமல், தொண்டை எரிச்சல். சில குழந்தைகளுக்கு வாந்தி, வயிற்றுப்போக்கும் இருக்கும். இது எச்1என்1-ஆ, வேறு ஃப்ளூவா என்று வீட்டில் இருந்தபடி சொல்ல முடியாது. முதல் நாளில் சொல்லத் தேவையும் இல்லை. செய்ய வேண்டியது இரண்டுக்கும் ஒன்றுதான்.

முதலில் பள்ளிக்கு அனுப்பாதீர்கள். பரீட்சையாக இருந்தாலும். காய்ச்சல் மாத்திரை இல்லாமலே 24 மணி நேரம் சூடு இல்லாமல் இருந்த பிறகு அனுப்பலாம். பெரியவர்களிடமிருந்து ஐந்து முதல் ஏழு நாள் வரை பரவும். குழந்தைகளிடமிருந்து இன்னும் சில நாள் கூடவே. தனி அறை இருந்தால் நல்லது. இல்லாத வீடுதான் அதிகம். ஜன்னலைத் திறந்து வைத்து, பாட்டியின் படுக்கையை மட்டும் வேறு பக்கம் மாற்றினால்கூடப் பெரிய வித்தியாசம். மாஸ்க் போட வேண்டியவர் முதலில் நோயாளி, அப்புறம் கவனித்துக்கொள்பவர். இருமும்போது உள்ளங்கையால் பொத்துவது நமக்குப் பழக்கம். அதே கையால் கதவுப்பிடியைத் தொடுவோம், டிவி ரிமோட்டைத் தொடுவோம். இந்த வைரஸ் அப்படிப்பட்ட கெட்டியான பரப்புகளில் ஒன்றிரண்டு நாள்கூடத் தாக்குப்பிடிக்கும். முழங்கை மடிப்பில் இருமப் பழக்குங்கள். கை கழுவ சோப்பு போதும். நுரை வரத் தேய்த்து 20 வினாடி. எண்ணெய்ப் பிசுக்கு போகிற மாதிரிதான்: வைரஸின் மேல்தோல் கொழுப்பு, சோப்பு அதைக் கரைத்துவிடும். வேறு விலை உயர்ந்த திரவம் எதுவும் கட்டாயமில்லை.

கஞ்சி, ரசம், இளநீர், எது இறங்குகிறதோ அது. காய்ச்சலுக்குப் பாராசிட்டமால், எடைக்கேற்ற அளவில். குழந்தைகளுக்கு ஆஸ்பிரின் கூடவே கூடாது. ஃப்ளூ சமயத்தில் அது மூளையையும் கல்லீரலையும் தாக்கும் ஓர் அரிய நோயைக் கிளப்பிவிடும். கற்பூரம், ஏலக்காயைத் துணியில் முடிந்து முகர்ந்தால் வைரஸ் சாகும் என்று அவ்வப்போது செல்போனில் செய்தி சுற்றும். மூக்குக்கு இதமாக இருக்கலாம். வைரஸுக்கு ஒன்றும் ஆகாது, கற்பூரம் சின்னக் குழந்தைகளுக்குக் கேடுகூட.

அப்புறம், நாளை எண்ணுங்கள். காலண்டரில் வட்டம் போட்டுக்கூட வைக்கலாம். மூன்று, நான்கு, ஐந்தாம் நாட்களில் மூச்சை எண்ணிப் பாருங்கள். குழந்தை வேகவேகமாக மூச்சு விட்டால், விலா உள்ளே இழுத்தால், பால் குடிக்க மறுத்தால், எழுப்ப எழுப்பத் தூங்கிக்கொண்டே இருந்தால், வலிப்பு வந்தால், அல்லது விட்ட காய்ச்சல் மறுபடி வந்தால் காத்திருக்காதீர்கள். பெரியவர்களுக்கு மூச்சு வாங்குவது, நெஞ்சு வலி, குழப்பமான பேச்சு. கொரோனா சமயத்தில் வாங்கிய ஆக்சிமீட்டர் அலமாரியில் கிடக்கும். எடுத்து மாட்டிப் பாருங்கள், 94-க்குக் கீழே காட்டினால் கிளம்ப வேண்டியதுதான்.

ஊசி

2009-இல் ஊசி வந்து சேருவதற்குள் அலை அடித்துவிட்டது. ஃப்ளூ தடுப்பூசி அன்று பெரும்பாலும் கோழி முட்டைக்குள் வைரஸை வளர்த்துத்தான் செய்யப்பட்டது. முட்டை அதன் வேகத்தில்தான் வேலை செய்யும். அக்டோபர் கடைசிக்குள் 16 கோடி டோஸ் வரும் என்று எதிர்பார்த்த அமெரிக்காவிடம் அப்போது இருந்தது 3 கோடிக்கும் குறைவு. இந்தியாவில், முதல் பலி விழுந்த அதே புனேயின் சீரம் இன்ஸ்டிடியூட் மூக்கில் தெளிக்கும் தடுப்பு மருந்தை 2010 ஜூலையில் கொண்டுவந்தது. அடுத்த மாதம், ஆகஸ்ட் 10-இல், கொள்ளைநோய்க் கட்டம் முடிந்தது என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்துவிட்டது.

ஊசி மீதான பயத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. 1976-இல் அமெரிக்காவின் ஃபோர்ட் டிக்ஸ் ராணுவ முகாமில் பன்றி வகை ஃப்ளூவால் ஒரு சிப்பாய் இறந்தார். 1918 திரும்பிவிட்டது என்று பயந்து 4 கோடிக்கும் அதிகமானவர்களுக்கு ஊசி போட்டார்கள். நோய் முகாமைத் தாண்டவில்லை. ஊசி போட்டவர்களில் சிலருக்கு நரம்புகளைத் தளரச் செய்யும் கில்லன் பாரே நோய் வந்ததால் டிசம்பரில் திட்டத்தை நிறுத்தினார்கள். அன்றைய ஆபத்து தோராயமாக ஒரு லட்சம் பேருக்கு ஒருவர். இன்றைய ஃப்ளூ ஊசியில் அது பத்து லட்சத்துக்கு ஒன்றிரண்டு என்ற அளவைத் தாண்டுவதில்லை.

எச்1என்1 இப்போது தனி ஊசி அல்ல; ஆண்டுதோறும் போடும் ஃப்ளூ ஊசிக்குள்ளேயே இருக்கிறது. வைரஸ் சட்டையை மாற்றிக்கொண்டே இருப்பதால் ஊசியையும் ஆண்டுதோறும் மாற்றுகிறார்கள், ஆண்டுதோறும் போட வேண்டும். ஆறு மாதம் நிறைந்த குழந்தையிலிருந்து போடலாம். பலன் வர இரண்டு வாரம் பிடிக்கும். அதனால் நம் ஊரில் வடகிழக்குப் பருவமழை இறங்குமுன் போட்டுக்கொள்வது நல்லது. போட்டவருக்கு ஃப்ளூ வரவே வராது என்றில்லை. வந்தாலும் ஐசியூ வரை போகும் வாய்ப்பு குறையும்.

எண்களைப் படிக்கும் விதம்

2015-இல் இந்தியாவில் எச்1என்1 மறுபடி ஓங்கியது. அரசுக் கணக்கில் 42,592 நோயாளிகள், 2,990 சாவுகள். வகுத்துப் பார்த்தால் நூற்றுக்கு 7. அந்த எண் அப்படியே செய்தியாக வந்தது, வயிற்றைக் கலக்கியது. ஆனால் மேலே சொன்ன ஏ, பி, சி பிரிப்பை நினைவில் வையுங்கள். பரிசோதனை செய்யப்படுவது பெரும்பாலும் சி பிரிவினர். வீட்டில் கஞ்சி குடித்துத் தேறியவர்கள் அந்தக் கணக்கிலேயே இல்லை. வகுக்கும் எண் சிறியதாக இருந்தால் விடை பெரியதாகத்தான் வரும். 2009 ஏப்ரலில் மெக்சிகோவைப் பார்த்து உலகம் நடுங்கியதும் இதே கணக்கால்தான்: மருத்துவமனைக்கு வந்தவர்கள் மட்டும் தெரிந்தார்கள், வராத ஆயிரக்கணக்கானவர்கள் தெரியவில்லை. பிற்பாடு, நோய் வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் தானாகவே தேறியவர்கள் என்று தெரிந்தது.

அதற்காக 2,990 என்பது சின்ன எண் அல்ல. அந்த எண்ணில் எத்தனை பேர் ஐந்தாம் நாள் மருத்துவமனைக்கு வந்தவர்கள் என்பதைத்தான் நான் தெரிந்துகொள்ள விரும்புவேன்.

எகிப்தில் அந்த ஆண்டு பள்ளி திறப்பே தள்ளிப்போனது. பன்றி இல்லாத நாட்டில் காய்ச்சல் குழந்தைகளிடையே சுற்றியது. கெய்ரோவின் குப்பை மேட்டுக் குடியிருப்புகளில் பிறகு ஓசைப்படாமல் பன்றிகளை மறுபடி வளர்க்கத் தொடங்கினார்கள்.